வைட்டமின்தானே என்று கொடுத்தேன்

என் செல்ல மகனுக்கு,

நேற்றுக் காலையில் நீ அனுப்பிய போட்டோவைப் பார்த்ததும் முதலில் சிரித்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. இரண்டு கன்னத்திலும் தோல் உரிந்து, மூக்கு நுனி மிளகாய்ப் பழம் மாதிரி சிவந்து, அதற்குக் கீழே “யம்மா, கல்யாணத்துக்குள்ள சரியாயிருமா?” என்று ஒரு வரி. போனில் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. மாப்பிள்ளை முகம் பளபளக்க வேண்டும் என்று ஆன்லைனில் ரெட்டினால் சீரம் வாங்கியிருக்கிறாய். வாரத்துக்கு இரண்டு நாள், ஒரு பட்டாணி அளவு என்று பெட்டியில் போட்டிருக்கிறது. அதைத் தினமும் இரண்டு வேளை, உள்ளங்கை நிறைய என்று நீயாகவே மாற்றிக்கொண்டாய். சீக்கிரம் பலன் கிடைக்கும் என்ற கணக்கு. நான் சொன்னதை மறுபடியும் எழுதுகிறேன். சீரத்தை எடுத்து வை. முகத்தை வெறும் தண்ணீரில் கழுவு. வாசனை இல்லாத ஒரு சாதாரணக் கிரீமைத் தடவு. வெயிலில் அலையாதே. கல்யாணம் பொங்கல் கழிந்துதானே, அதற்குள் புதுத் தோல் வந்துவிடும்.

போனை வைத்த பிறகு எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அந்தச் சீரத்தில் இருப்பதும் ஏ வைட்டமின் குடும்பத்துச் சரக்குதான். அந்தக் குடும்பத்தால் உன் தோல் உரிவது இது இரண்டாவது தடவை. முதல் தடவை அதை உனக்குக் கொடுத்தவள் நான். அதைப் பற்றி இத்தனை வருடங்களில் நீயும் நானும் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போது பேச வேண்டிய அவசியம் வந்திருக்கிறது, உன் கல்யாணத்தால். இதைப் போனில் சொல்ல எனக்கு வாய் வராது. எம். புதுப்பட்டியைச் சுற்றி எத்தனையோ வீட்டு மாப்பிள்ளைகளின் கையில் ஆணுறைப் பாக்கெட்டைக் கொடுத்து, சந்தைக்கடையில் வெண்டைக்காய் பற்றிப் பேசுவதுபோல விளக்கம் சொன்னவள்தான் நான். அதே பேச்சைப் பெற்ற மகனிடம் பேசப் போனால் காது சூடாகிறது. அதனால்தான் பேனாவை எடுத்தேன். உன் அப்பாவுக்கு இது காலண்டர் சீசன். அச்சகத்திலிருந்து வந்து சாப்பிட்டதும் தூங்கிவிடுகிறார். நான் என்ன எழுதுகிறேன் என்று கேட்கக்கூட அவருக்குத் தெம்பில்லை.

என் வேலை உனக்குத் தெரியும். கிராமத்து நர்ஸ் என்றால் தடுப்பூசி, கர்ப்பிணிப் பதிவு, குடும்பக் கட்டுப்பாடு, அப்புறம் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு ஏ வைட்டமின் மருந்து. மஞ்சளாக எண்ணெய் மாதிரி இருக்கும். பட்டாசுக் கம்பெனி வண்டி வந்து அம்மாக்களை ஏற்றிக்கொண்டு போவதற்குள் கொடுத்தாக வேண்டும் என்பதால் விடிந்ததும் போய்விடுவேன். தூக்குவாளியும் கையுமாக நிற்கும் பெண்கள், முந்தின நாள் ஒட்டிய வெள்ளிப்பவுடர் மணிக்கட்டில் மினுமினுக்க, பிள்ளையின் கன்னத்தைப் பிடித்து வாயைத் திறப்பார்கள். நான் அளவுக் கரண்டியால் ஊற்றிவிட்டு அட்டையில் குறித்துக்கொள்வேன். ஒருநாள் ஒரு அம்மா கெஞ்சினாள்: “இன்னொரு கரண்டி ஊத்துங்க நர்ஸம்மா, பிள்ளைக்குக் கண்ணு நல்லா இருக்கட்டும். நீங்க என்ன குறைஞ்சா போயிருவீக?” நான் அட்டையை மூடிவிட்டுச் சொன்னேன்: “ஒரு கரண்டின்னா மருந்து, ரெண்டு கரண்டின்னா விசம். அடுத்தது ஆறு மாசம் கழிச்சுத்தான்.” ஊர்ப் பிள்ளைகளுக்கு அம்புட்டுக் கறாராக அளந்து ஊற்றிய கைதான் நம் வீட்டில் அளவு மறந்தது.

உனக்கு அப்போது பதினாறு வயது. பதினொன்றாம் வகுப்பு. முகம் முழுக்கப் பரு. கன்னத்தில் கைவைத்து மறைத்தபடியேதான் யாரிடமும் பேசுவாய். சர்ச் பாடகர் குழுவில் முன் வரிசையில் நின்று பாடியவன், பின் வரிசைக்குப் போய், பிறகு வருவதையே நிறுத்திவிட்டாய். எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரு வாரப் பத்திரிகையில் ஏ வைட்டமின் பருவைப் போக்கும், தலைமுடியை அடர்த்தியாக்கும் என்று படித்தேன். தோல் டாக்டரிடம் கூட்டிப்போகலாம் என்று உன் அப்பா சொன்னார். “நான் இருக்கும்போது டாக்டர் எதுக்கு?” என்றேன். மெடிக்கல் ஷாப்பில் எனக்குச் சீட்டுக் கேட்கமாட்டார்கள். தேன் நிறத்தில் உருண்டை உருண்டையான மாத்திரைகளை ஒரு டப்பா வாங்கி வந்து, தினமும் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று கொடுத்தேன். மூன்று வாரத்தில் பரு வற்ற ஆரம்பித்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒன்றுக்கே இப்படி என்றால் இரண்டுக்கு எப்படி இருக்கும் என்று, ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகும் ஒன்று சேர்த்தேன். வைட்டமின்தானே என்ற நினைப்பு. சீரத்தை அள்ளித் தடவிய புத்தி உனக்கு எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறதா?

இரண்டு மாதம் போனதும் நீ பரோட்டாவுக்குச் சால்னா வேண்டாம் என்றாய். விருதுநகரில் பிறந்த பிள்ளை எண்ணெய்ப் பரோட்டாவைச் சீனி தொட்டுத் தின்றபோதே நான் விழித்திருக்க வேண்டும். உன் கடைவாய் இரண்டும் வெடித்து, காரம் பட்டால் கண்ணில் நீர் வந்தது. பனிக்கு வெடித்திருக்கும் என்று வெண்ணெய் தடவினேன். உள்ளங்கை உரிந்தது. சோப்பை மாற்றினேன். தலைவலிக்கிறது என்றாய். போனை நோண்டாமல் படி என்றேன். கடைசியில் உன் அப்பாதான் ஒருநாள் காலையில் உன் தலையணையைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு வந்தார். உறை முழுக்க முடி. “இந்தா பாரு. பயலுக்குக் கொத்துக் கொத்தாக் கொட்டுது. நீ அவனுக்கு என்னத்தக் குடுத்துக்கிட்டு இருக்க?” என்று கேட்டார். அவர் குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. உன் தலையில் கைவைத்துப் பார்த்தேன். காதுக்கு மேலே, நெற்றியோரம், உச்சி எல்லாம் தோல் தெரிந்தது. புருவம்கூட மெலிந்திருந்தது. தினமும் எதிரே உட்கார்ந்து சோறு போட்டவளுக்கு அதுவரை தெரியவில்லை.

அடுத்த நாள் விருதுநகரில் தோல் டாக்டரம்மாவிடம் போனோம். அங்கே நடந்ததை நீ மறந்திருக்கமாட்டாய். “வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறானா?” என்று டாக்டர் கேட்டார். அந்த நேரத்தில் நான் அம்மாவாக இல்லை. அந்தஸ்து போய்விடுமோ என்று பயந்த ஒரு நர்ஸாக உட்கார்ந்திருந்தேன். “எப்பவாச்சும் ஒரு வைட்டமின் மாத்திரை குடுப்பேன் டாக்டர்” என்றேன். நீ உடனே, “எப்பவாச்சும் இல்ல டாக்டர். தினமும் ஏ வைட்டமின் ரெண்டு” என்றாய். நான் மேஜைக்குக் கீழே உன் தொடையில் கிள்ளினேன். நீ என்னைத் திரும்பிப் பார்த்து, அந்த அறை முழுக்கக் கேட்கும்படி, “எதுக்கும்மா கிள்ளுற?” என்றாய்.

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். பிறகு டார்ச் மாதிரி ஒரு கருவியை வைத்து உன் கண்ணுக்குள் பார்த்தார். ஈரலுக்கு ரத்தப் பரிசோதனை எழுதினார். என்னைத் திட்டவில்லை. “மத்த வைட்டமின் பலதும் கூடிப் போனா சிறுநீர்ல போயிரும் சிஸ்டர். இது போகாது. ஈரல்ல சேந்துக்கிட்டே இருக்கும். தோலும் முடியும் வளர இது வேணும்தான். ஆனா அளவு தாண்டுனா தோல் வறண்டு உரியும், முடி வேரெல்லாம் ஒரே நேரத்துல வளர்றத நிறுத்திட்டு உதிரும். தலைக்குள்ள அழுத்தம் கூடி, கண்ணுக்கே ஆபத்தா முடியும். அதுக்குள்ள வந்துட்டீங்க. இன்னைக்கே நிறுத்துங்க, முடி திரும்ப வரும்” என்றார். ஊரில் இத்தனை பிள்ளைகளுக்குப் பார்வை கெடக்கூடாது என்று ஓடி ஓடி ஊற்றியவள் நான். நானே என் பிள்ளையின் கண்ணைக் கெடுக்கப் பார்த்தேனே என்று பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நீ கடலைமிட்டாயைச் சப்பிக்கொண்டே, “ஈரல் நல்லாத்தான் இருக்கும்மா, எனக்கு இப்பவே பசிக்குது” என்றாய். பரிசோதனை முடிவும் நீ சொன்ன மாதிரிதான் வந்தது.

மிச்ச முடியை ஒட்ட வெட்டிவிடலாம் என்று சலூனுக்குப் போனபோது, அந்த அண்ணாச்சி உன் தலையைத் தடவிப் பார்த்து, “எனக்கு வேலையே வைக்காமக் கொட்டிருச்சே நர்ஸம்மா” என்றார். பள்ளிக்கூடத்தில் உனக்குத் ‘திரியில்லாத வெடி’ என்று பேர் வைத்தார்கள். அதை நீயே வீட்டில் வந்து சொல்லிச் சிரித்தாய். ஏழெட்டு மாதத்தில் முடி திரும்ப வந்தது. முன்னால் படிந்து கிடந்த முடி இப்போது நெற்றியில் சுருண்டு சுருண்டு வந்தது. சில பேருக்கு அப்படி மாறும் என்றார் டாக்டர். நீ கண்ணாடி முன்னால் நின்று அதைச் சுருட்டிச் சுருட்டி அழகு பார்த்தாய். பருவுக்கும் அந்த டாக்டரே அளந்து ஒரு களிம்பு கொடுத்தார், அதுவும் அதே குடும்பத்து மருந்துதான். முகம் மெல்ல மெல்லத் தெளிந்தது.

இதுவரை உனக்குத் தெரிந்த கதை. இனி உனக்குத் தெரிந்திருந்தும் நீ சொல்லிக்காட்டாத கதை. உன் முடி ஏன் கொட்டியது என்று கேட்டவர்களிடம் எல்லாம், “பரீட்சைப் பயம். பயலுக்கு எதுக்கெடுத்தாலும் படபடப்பு” என்று சொன்னேன். பாஸ்டரிடம் சொன்னேன், உன் வாத்தியாரிடம் சொன்னேன், என் அக்கா தங்கைகளிடம் சொன்னேன். நீ பயந்தவனா? பரீட்சைக்கு முந்தின நாள் தெப்பக்குளத்துப் பக்கம் கிரிக்கெட் ஆடிவிட்டு வந்தவன். ஆனாலும் அந்தப் பேர் உன்மேல் ஒட்டிக்கொண்டது. நீ ஓசூர் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தபோதுகூட உன் பெரியம்மா, “அவன் பயந்த பையனாச்சே, தாங்குவானா?” என்று கேட்டாள். நீ பக்கத்தில்தான் இருந்தாய். என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, “தாங்கிக்கிருவேன் பெரியம்மா” என்று எழுந்து போனாய். டாக்டர் முன்னால் என்னைப் பொய் சொல்லவிடாத பிள்ளை, ஊர் முன்னால் என் பொய்யைக் காப்பாற்றினாய். உன்னிடம் நான் மன்னிப்புக் கேட்டதே இல்லை. இப்போது கேட்கிறேன். மாத்திரை கொடுத்தது அறியாமை என்று வைத்துக்கொள்ளலாம். பழியை உன்மேல் போட்டது அறியாமை இல்லை. போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் உன் பெரியம்மாவைக் கூப்பிட்டு நிறுத்தி உண்மையைச் சொல்லிவிட்டேன். “அடிப்பாவி” என்றாள். சரிதான் என்றேன்.

இப்போது எஸ்தர் விஷயத்துக்கு வருகிறேன். அவள் முகத்தில் பரு இருப்பது உனக்குத் தெரியும். பெண் பார்த்துவிட்டு வந்த அன்று அதைப் பற்றி உன் சித்தி ஏதோ இழுத்தபோது, “எனக்கு வராத பருவா சித்தி?” என்று முடித்துவிட்டாய். அன்றைக்கு உன்னைப் பெற்றதற்காகச் சந்தோஷப்பட்டேன். போன வாரம் கல்யாணச் சேலை எடுக்க அவளைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். சேலை எடுத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தோம். அந்தப் பிள்ளை சால்னாவைத் தள்ளி வைத்துவிட்டு வெறும் பரோட்டாவைப் பிய்த்து மெதுவாக வாய்க்குள் வைத்தாள். நான் அவள் உதட்டைப் பார்த்தேன். அந்த மாதிரி உதட்டை வாழ்க்கையில் ஒரு தடவை பார்த்தால் போதும்.

“என்னத்தா, உதடெல்லாம் இப்படி வெடிச்சிருக்கு?”

“பனிக்காத்து அத்தே.”

“பனிக்காத்துல இப்படிக் கடைவாய் வெடிக்காது. என்ன மாத்திரை சாப்பிடுற?”

அவள் மறுபடியும் பரோட்டாவைப் பிய்க்க ஆரம்பித்தாள். நானும் மேற்கொண்டு கேட்கவில்லை. உன் கதையைச் சொன்னேன். தேன் நிற மாத்திரை, தலையணை, டாக்டர், கிள்ளல் எல்லாவற்றையும் சொன்னேன். “எதுக்கும்மா கிள்ளுற” என்ற இடம் வந்ததும் அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. உதடு வலிக்கும் என்று இரண்டு விரலால் அமுக்கிக்கொண்டு சிரித்தாள். அப்புறம் கைப்பையைத் திறந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து என் பக்கம் நகர்த்தினாள். சிவப்புக் கட்டம் போட்டு எச்சரிக்கை எழுதியிருந்தது. பருவுக்குக் கொடுக்கும் மாத்திரை. அதுவும் ஏ வைட்டமினிலிருந்து செய்த மருந்துதான். ஆனால் நான் உனக்குக் கொடுத்த மாதிரி இஷ்டத்துக்கு இல்லை. டாக்டர் எடை பார்த்து, மாதாமாதம் ரத்தம் பார்த்துக் கொடுக்கிறார். அவளுடைய பரு சாதாரணப் பரு இல்லையாம். உள்ளே கட்டி கட்டியாக வந்து, ஆறினாலும் குழி விழுகிற ஜாதி. அவள் வகுப்பில் ஒரு பிள்ளை, “டீச்சர், உங்களுக்கு அம்மை போட்டிருக்கா?” என்று கேட்டதாம். கேட்டுவிட்டுத் தள்ளி உட்கார்ந்துகொண்டதாம். அன்று சாயங்காலமே டாக்டரிடம் போயிருக்கிறாள்.

“எத்தன மாசம் சாப்பிடணும்னாக?”

“இன்னும் நாலு மாசம் இருக்கு அத்தே. ஆனா கல்யாணத்துக்கு முந்துன நாளோட நிறுத்திருவேன். யாருக்கும் தெரியாது.”

“நிறுத்துனா உடனே பிள்ளை உண்டாகலாமா? டாக்டர் என்ன சொன்னாக?”

“சாப்பிடும்போதும் கூடாது, நிறுத்தி ஒரு மாசத்துக்கும் கூடாதுன்னாக.”

“பெறகு எந்த தைரியத்துல நீ இப்படி முடிவு பண்ணுன?”

“நீங்கதான அத்தே நிச்சயத்தன்னைக்கு எல்லாருக்கும் முன்னாடி சொன்னீக, அடுத்த கிறிஸ்மஸுக்கு வீட்டுல தொட்டில் கட்டிரணும்னு. கல்யாணம் முடிஞ்ச உடனே மாத்திரை, தடுப்புன்னு ஆரம்பிச்சா என்ன நினைப்பீகளோன்னு பயமா இருந்துச்சு” என்றாள்.

சொன்னது நான்தான். பந்தியில் எல்லோரும் சிரிக்கட்டும் என்று சும்மா சொன்னது. பிள்ளையின் முகம், காது, இதயம், மூளை எல்லாம் உருவாவது வயிற்றில் தங்கிய முதல் சில வாரங்களில்தான். தங்கியிருப்பதே பல பெண்களுக்கு அப்போது தெரியாது. அந்த நேரத்தில் இந்த மருந்து உடம்பில் இருந்தால் எது எப்படிக் கோணும் என்று சொல்லவே முடியாது. அவளும் படித்தவள்தான், இதெல்லாம் அவளுக்கும் தெரியும். தெரிந்தும் என் ஒரு வார்த்தைக்குப் பயந்து எல்லாவற்றையும் மறைத்துவிடலாம் என்று நினைத்திருக்கிறாள். அந்த ஹோட்டலில் வைத்தே அவள் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். இலை எடுக்க வந்த ஆள் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்.

நான் உன்னிடம் கேட்பது இதுதான். அடுத்த சனிக்கிழமை நீ வரும்போது எஸ்தரோடு அவள் டாக்டரிடம் போ. வெளியே நாற்காலியில் உட்கார்ந்து போன் பார்க்காமல் உள்ளே போய் அவள் பக்கத்தில் உட்கார். மருந்தை இப்போதே நிறுத்தினால் முகம் என்னாகும், முடிக்கிற வரை சாப்பிட்டால் எவ்வளவு நாள் காத்திருக்க வேண்டும், தடுப்புக்கு என்ன வழி, ஒன்று போதுமா இரண்டு வேண்டுமா என்று நீயே வாய் திறந்து கேள். பதினாறு வயதில் டாக்டர் முன்னால் பேசிய வாய்தானே அது. என்னைக் கேட்டால் அவள் மருந்தை ஒழுங்காக முடிக்கட்டும் என்பேன். அந்தக் குழி விழுகிற பருவோடு அவள் எத்தனை வருடம் போராடியிருக்கிறாளோ. ஆனால் என்னைக் கேட்காதே. எஸ்தர் உடம்பு, உங்கள் குடும்பம், நீங்கள் இரண்டு பேரும் முடிவெடுங்கள். சொந்தக்காரர்கள் விசேஷம் உண்டா என்று கேட்க ஆரம்பிப்பார்கள், அவளைப் பார்த்துத்தான் கேட்பார்கள். அப்போது அவள் வாய் திறப்பதற்கு முன்னால் உன் பதில் வர வேண்டும். “நாங்க இப்பப் பிள்ளை பெத்துக்கிறதா இல்ல” என்றால் போதும், காரணம் சொல்ல வேண்டாம். என் அக்கா தங்கைகளை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இன்னொன்று. அந்த மாத்திரையால் அவளுக்குத் தலைமுடியும் கொஞ்சம் கொட்டுகிறது. மருந்து முடிந்ததும் வந்துவிடும் என்று சொல்லியிருக்கிறார்கள். அதற்கு நீ எண்ணெய், சத்து மாத்திரை, சீரம் என்று எதையும் வாங்கிக்கொடுக்காதே. வைட்டமின் என்று எழுதியிருந்தால் தொடவே தொடாதே. இந்த ஆசை நம் குடும்பத்தில் என்னோடு போகட்டும்.

அவளுக்குத் தெரியாமல் உனக்கு எழுதியதாக நினைக்காதே. இதை எழுத ஆரம்பித்து இரண்டு நாளாகிறது. நேற்றுச் சாயங்காலம் சூலக்கரையில் அவள் வீட்டுக்குப் போய், இதுவரை எழுதியதை அவள் கையில் கொடுத்தேன். திருத்த வேண்டிய அரையாண்டுத் தேர்வுத் தாள்களை ஓரமாகத் தள்ளிவிட்டு முழுவதையும் படித்தாள். ஒரு இடத்தில் சந்திப்பிழை இருக்கிறது என்று சிவப்பு மையில் திருத்தினாள், நீயே பார்க்கலாம். படித்து முடித்துவிட்டு, “அவுக என்ன சொல்லுவாகன்னு நினைக்கீக அத்தே?” என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன். நிஜமாகவே தெரியாது. உன்னை வளர்த்தேன் என்பதற்காக உன் பதிலையும் நானே சொல்லிவிட முடியாது.

அதனால் இந்தக் கடிதத்துக்கு எனக்குப் பதில் எழுதாதே, என்னைக் கூப்பிடவும் வேண்டாம். அவளைக் கூப்பிடு. பன்னிரண்டரைக்கு அவள் பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டு மணி அடிக்கும். பிள்ளைகளைப் பந்தியில் உட்கார வைத்துவிட்டு, வேப்பமரத்தடியில் ஐந்து நிமிடம் தனியாக நிற்பாளாம். போன் அவள் கையில்தான் இருக்கும்.

அம்மா